கோட்டையூர் வளவில் நாலு ஆர்கிட் தொட்டி

"தண்ணி விட்டுக்கிட்டேதான் இருக்கேன் தம்பி, அது பாட்டுக்கு வாடுது." அடுத்த தெரு ஆச்சி போனில் சொன்ன இந்த ஒரு வரியிலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. தண்ணீர் விட விட வாடுகிற ஆர்கிட்டுக்கு வேர் போயிருக்கும். மீதிப் பாதியைப் பார்க்க, சில புது பிளேடுகளும் பழைய செய்தித்தாளும் எடுத்துக்கொண்டு போனேன். என் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. செடி வளர்ப்பது பொழுதுபோக்கு. ஆனால் கோட்டையூரில் யார் வீட்டுத் தொட்டிச் செடி படுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

தை மாதம் ஆச்சி வீட்டில் சாந்தி (வயசு நிறைவு விசேஷம்) நடந்தபோது பெங்களூர் உறவுக்காரர்கள் பரிசாகக் கொண்டுவந்த செடிகள் இவை. மூன்று ஃபெலனாப்சிஸ், ஒரு டென்ட்ரோபியம், எல்லாம் ஆர்கிட் வகைதான். விசேஷம் முடிந்ததும் நான்கையும் வளவில், அதாவது வீட்டு நடுவிலுள்ள திறந்த முற்றத்தில், தெற்குப் பக்கத் தாழ்வாரமான பத்தியில், தூண் ஓரமாக வரிசையாக வைத்துவிட்டார்கள். ஒவ்வொன்றையும் பளபளவென்ற பீங்கான் சட்டிக்குள் இறக்கி, ஜரிகைத் தாள் சுற்றி, ரிப்பன் கட்டியிருந்தது. ரிப்பன்கூட அவிழ்க்கவில்லை. பூ உதிரும் வரை எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. வைகாசிக்குப் பிறகு ஒவ்வொன்றாக இலை கெட ஆரம்பித்திருக்கிறது.

நான் போனது ஆனி மாதக் கடைசியில். முதலில் எதையும் தொடாமல் சும்மா பார்த்தேன். இலை மஞ்சளாகிவிட்டது என்றால் எந்த இலை என்று கேட்க வேண்டும். ஃபெலனாப்சிஸில் அடியில் இருக்கும் மூத்த இலை மட்டும் மெல்ல மஞ்சளாகி உதிர்ந்தால் அது வயசு, கவலை வேண்டாம். நடு இலையோ குருத்தோ மஞ்சளானால் கவலைப்பட வேண்டும். புள்ளி இருந்தால் தொட்டால் காய்ந்திருக்கிறதா, ஈரமாக அமுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இலை தொங்கினால் தோல்போலச் சுருங்கித் தொங்குகிறதா, விறைப்பாக இருந்துகொண்டே சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த நான்கு தொட்டியும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தண்ணீர் வாங்கியவை. ஆனால் நான்குக்கும் நான்கு வியாதி.

வெள்ளைப் பூ பூத்த செடிதான் ஆச்சி போனில் சொன்னது. ஐந்து இலைகளும் சுருக்கம் விழுந்து தொட்டி விளிம்பில் படுத்துக் கிடந்தன. பீங்கான் சட்டியிலிருந்து உள் தொட்டியைத் தூக்கியதும் அடியில் கறுப்பாக இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். சட்டியில் ஓட்டையே கிடையாது. கடையில் அழகுக்காக விற்கிற சட்டி அது. உள்ளே பிளாஸ்டிக் தொட்டியில் ஓட்டை இருந்து என்ன பயன்? மாதக்கணக்கில் செடி தண்ணீரில் நின்றிருக்கிறது.

இந்த வகை ஆர்கிட் வேர் மண்ணில் ஓடுகிற வேர் இல்லை. மரத்தின் பட்டையைப் பிடித்துக்கொண்டு காற்றில் தொங்குகிற வேர். மேலே வெலாமன் என்று வெள்ளையாக ஒரு பஞ்சுத் தோல் இருக்கும். மழை பெய்தால் நிமிஷத்தில் உறிஞ்சிக்கொள்ளும், மழை விட்டதும் காய்ந்துவிடும். காய்ந்திருந்தால் வெள்ளி நிறம், நனைந்திருந்தால் பச்சை. இடையில் காற்று கிடைத்தே ஆக வேண்டும். தண்ணீரிலேயே ஊறினால் மூச்சு முட்டிச் செத்து, அப்புறம் அழுகும். வேர் செத்த பிறகு தொட்டி முழுக்கத் தண்ணீர் இருந்தாலும் இலைக்கு ஒரு சொட்டு ஏறாது. இலை சுருங்கும். இலை சுருங்கியதைப் பார்த்து இன்னும் தண்ணீர் விடுவார்கள். பெரும்பாலான வீட்டு ஆர்கிட் சாவது இப்படித்தான்.

செய்தித்தாளை விரித்துச் செடியைக் கவிழ்த்துத் தட்டினேன். வெளியே மரப்பட்டைத் துண்டுகள். நடுவில், தண்டைச் சுற்றி, கைப்பிடி அளவுக்கு ஸ்பேக்னம் பாசி உருண்டையாக இறுகிக் கிடந்தது. நர்சரியில் நாற்றாக இருந்தபோது வைத்த பாசி. பெரிய தொட்டிக்கு மாற்றும்போது அதை எடுக்காமல் சுற்றிலும் பட்டையைப் போட்டு அடைத்துவிடுவார்கள். மேலே விரல் வைத்துப் பார்த்தால் பட்டை காய்ந்திருக்கும், நடுவில் பாசி சொதசொதவென்று இருக்கும். ஆர்கிட் வாங்குகிறவர்கள் பூ விழுந்ததும் முதல் வேலையாக இந்தப் பாசி இருக்கிறதா என்று நோண்டிப் பார்த்துவிடுவது நல்லது.

பாசியைப் பிய்த்து எடுத்து வேர்களை ஒவ்வொன்றாக விரலிடுக்கில் வைத்து அமுக்கினேன். இதற்கு அவசரமே கூடாது. செத்த வேர் அமுக்கினால் தண்ணீர் விடும், இழுத்தால் மேல்தோல் ஒயர் மேலுள்ள பிளாஸ்டிக் உறை உருவுவதுபோலக் கழன்று வரும், உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். உயிருள்ள வேர் கெட்டியாக இருக்கும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பாசிக்கறை ஏறிப் பழுப்பாக இருக்கும் வேரும் கெட்டியாக இருந்தால் நல்ல வேர்தான். வெளிச்சம் படாமல் உள்ளே வளர்ந்தது வெளிறிப்போய் மஞ்சளாக இருக்கும், அதுவும் நல்ல வேர்தான். எல்லாம் கழித்த பிறகு தேறியது மூன்று வேர், அதுவும் விரல் நீளம். பிளேடை அடுப்புத் தீயில் காட்டிக் காட்டித்தான் வெட்டினேன். ஒரு செடியை வெட்டிய பிளேடு இன்னொரு செடிக்குப் போகக் கூடாது என்பதால் செடிக்கு ஒரு பிளேடு. பிளேடு என்ன விலை? அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வெட்டுவாயில் தடவப் பட்டைத்தூள் கேட்டேன். "இதுக்குமா பட்டை?" என்று கேட்ட ஆச்சி, "சரி, செட்டிநாட்டுக்கு வந்த செடி, மசாலா கேக்குது" என்று சொல்லிக்கொண்டே அடுப்படியிலிருந்து டப்பாவைக் கொடுத்தார்கள். பட்டைத்தூள் பூஞ்சையைத் தடுக்கும், வெட்டுக்காயத்தைக் காய வைக்கும். அந்தக் காய வைக்கிற குணத்தால்தான் அதை வெட்டிய நுனியில் மட்டும் தொட்டு வைக்க வேண்டும். நல்ல வேர் மேலெல்லாம் தூவினால் அதையும் சேர்த்துக் காய வைத்துவிடும்.

அன்று இரவு செடியைத் தொட்டியில் வைக்காமல் பத்தியில் நிழலில் செய்தித்தாள் மேலேயே கிடத்தச் சொன்னேன். ஆச்சிக்கு மனசே இல்லை. "வேரு காஞ்சிராதா தம்பி?" காயட்டும், வெட்டிய இடம் ஆறிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

தொட்டிக்குப் போட எல்லாம் உள்ளூரிலேயே கிடைத்தது. இஸ்திரி போடுகிறவரிடம் ஒரு பை கரி. நம் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேலத்துக்குப் பஞ்சமா, மூட்டம் போட்டுக் கரி எடுப்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. சுண்டுவிரல் அளவுக்கு உடைத்து, தூள் போகும் வரை அலசினேன். பழைய வீடு இடித்த இடத்தில் அள்ளிய ஓட்டுச் சில்லு. அப்புறம் தேங்காய் மட்டைத் துண்டு, கொஞ்சம்தான். மட்டையில் உப்பும் துவர்ப்பும் இருக்கும், பழுப்புத் தண்ணீர் வருவது நிற்கும் வரை ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புத்தகங்களில் சொல்கிற பைன் பட்டை குளிர்ந்த ஊருக்குச் சரி. நம் வெயிலுக்குக் கரியும் ஓட்டுச் சில்லும்தான் என் கணக்கு. காலையில் தாராளமாக ஊற்றலாம், சாயங்காலத்துக்குள் காற்று உள்ளே போய்விடும்.

தொட்டி அளவை இலையைப் பார்த்து எடுக்கக் கூடாது, வேரைப் பார்த்து எடுக்க வேண்டும். இந்த மூன்று வேருக்கு டீ கிளாஸை விடக் கொஞ்சம் பெரிய தொட்டி போதும். பக்கவாட்டிலும் ஓட்டை போட்டேன். தண்டை ஒரு குச்சியோடு சேர்த்து வாழைநாரால் கட்டினேன், ஏனென்றால் வேர் பிடிக்காத செடி காற்றில் ஆடும், ஆடினால் புதிதாக வருகிற வேர்நுனி கரியில் உரசிக் கருகும். இந்தக் கட்டு சின்ன வேலைதான், ஆனால் பிழைப்பதும் பிழைக்காததும் பல நேரம் இதில்தான் இருக்கிறது. வேர் குறைவாக இருப்பதால் இலை வழியாகத் தண்ணீர் போவதைக் குறைக்க, பெரிய பிளாஸ்டிக் கவரை வாய் திறந்தபடி குச்சிகள் மேல் மாட்டி, இருட்டும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் வைத்தோம். உரம் ஒரு பொட்டுக்கூட கிடையாது. வேரில்லாத செடிக்கு உரம் போடுவது அதற்குச் செய்கிற துரோகம்.

ஊதாப் பூச் செடிக்கு இத்தனை வைத்தியம் தேவைப்படவில்லை. மேல் இலை ஒன்றில், வளைவு உச்சியில், உள்ளங்கை அளவுக்கு வெளுத்துக் காகிதம்போல் காய்ந்த திட்டு. ஓரம் கறுப்பு. தொட்டால் உலர்ந்திருந்தது, வாடை இல்லை. வெயில் சுட்டது. தையில் நிழலாக இருந்த இடத்தில் இப்போது எப்படி வெயில் என்று ஆச்சி கேட்டார்கள். காரைக்குடிப் பக்கம் நாம் கிட்டத்தட்ட 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறோம். சித்திரைத் தொடக்கத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அப்புறம் ஆவணி வரை நண்பகலில் கொஞ்சம் வடக்கே தள்ளி நிற்கும். அந்த நாட்களில் வளவுக்குள் இறங்குகிற உச்சி வெயில் தெற்குப் பத்தியின் ஓரத்தைத் தொடும். ஆவணிக்குப் பிறகு வடக்குப் பத்திக்கு மாறும். ஆக, வளவு வீட்டில் செடி வைப்பவர்கள் வருஷத்தில் இரண்டு தடவை தொட்டியை எதிர்ப்பக்கம் மாற்ற வேண்டும், அல்லது தூணிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி வைக்க வேண்டும். மதியம் இலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டால் வெளிச்சம் அதிகம், அவ்வளவுதான் சோதனை. வெயில் பட்ட திட்டு பரவாது, பழையபடி பச்சையாகவும் ஆகாது. இலையை வெட்ட வேண்டாம் என்று சொன்னேன். மிச்சப் பச்சை சோறு சமைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

அதே செடியில் எறும்பு வரிசை ஏறிக்கொண்டிருந்தது. ஆர்கிட்டில் எறும்பு என்றால் மேலே யாரோ தீனி போடுகிறார்கள் என்று அர்த்தம். இலை தண்டோடு சேரும் இடுக்கில் மாவுப்பூச்சி, பஞ்சு ஒட்டினாற்போல. மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைக் காது குடையும் பஞ்சில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து வெயில் சாய்ந்த பிறகு அடித்தோம். ஒரு தடவை அடித்தால் போதாது, முட்டையிலிருந்து புதிதாக வருவதையும் ஒழிக்க வாரம் ஒரு தடவை என்று சில வாரம் தொடர வேண்டும்.

மஞ்சள் செடியைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. இலை நடுவில் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஒளி ஊடுருவுகிற ஈரத் திட்டு, சுற்றிலும் மஞ்சள் வளையம். அமுக்கினால் நசுங்கியது. மூக்கருகே கொண்டுபோனால் லேசாக அழுகல் வாடை. வெயில் சுட்டதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் ஒன்று செய்யலாம். திட்டின் ஓரத்தைச் சுற்றி ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் காலையில் கோட்டைத் தாண்டியிருந்தால் அது பாக்டீரியா. இந்தத் திட்டு ராத்திரியிலேயே தாண்டிவிட்டது. சூட்டோடு ஈரமும் சேர்ந்தால் இது குதிரை வேகம் பிடிக்கும்.

நோய் இலையை, திட்டுக்கு இரண்டு விரல் தள்ளி நல்ல பச்சையில் வெட்டி, பட்டைத்தூள் வைத்து, மற்றச் செடிகளிடமிருந்து பிரித்து மின்விசிறிக் காற்றில் வைத்தோம். இலையில் தண்ணீர் படவே கூடாது என்று சொன்னேன். ஆனால் அதற்குள் குருத்துக்குள் இறங்கியிருந்தது. சில நாள் கழித்து நடு இலையைப் பிடித்து லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது, அடி பழுப்பாக நீர் கோத்திருந்தது. ஃபெலனாப்சிஸ் ஒற்றைக் குருத்தில் வளர்கிற செடி, அந்தக் குருத்து போனால் பெரும்பாலும் கதை முடிந்தது. எரித்துவிட்டோம். குப்பைக்குழியில் போட்டால் தண்ணீர் தெறித்து மற்றதற்கும் வரும்.

எப்படி வந்தது என்று விசாரித்தால், வீட்டு வேலைக்கு வரும் அக்கா சாயங்காலம் வாசல் தெளித்துவிட்டு அதே வாளியோடு வந்து செடிகளுக்கு மேலிருந்து ஊற்றியிருக்கிறார். காட்டில் இந்தச் செடி மரத்திலிருந்து பக்கவாட்டில் சாய்ந்து தொங்கும், மழைத்தண்ணீர் தானாக வடிந்துவிடும். நாமோ அதைத் தொட்டியில் நிமிர்த்தி நட்டு, குருத்தைக் கிண்ணமாக்கி வைத்திருக்கிறோம். ராத்திரி முழுக்க அதில் தண்ணீர் நின்றால் அழுகத்தான் செய்யும். காலையில் ஊற்றுங்கள். குருத்தில் தண்ணீர் நின்றால் பழைய பருத்தித் துணியின் முனையை விட்டு உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

டென்ட்ரோபியம் விஷயம்தான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. வேர் நன்றாக இருந்தது, பூச்சி இல்லை, வெயிலும் அதற்குப் பிடித்த அளவுதான். ஆனால் எல்லா இலையும் நுனியிலிருந்து பழுப்பாகக் காய்ந்துகொண்டு வந்தது. வேர்நுனிகளும் கருகியிருந்தன. தொட்டி விளிம்பிலும் பட்டைத் துண்டுகள் மேலும் சுண்ணாம்பு பூத்தது மாதிரி வெள்ளைப் படிவு. விரலால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. உப்பு.

போர் தண்ணீரா என்று கேட்டேன். இல்லை, "ஆர்ஓ மிஷின் தண்ணிதான் தம்பி, சுத்தமான தண்ணி" என்றார்கள். எந்தத் தண்ணீர் என்று அடுப்படியில் போய்ப் பார்த்த பிறகுதான் விளங்கியது. மிஷினிலிருந்து கழிவாக வெளியேறும் குழாயை ஒரு வாளியில் விட்டிருந்தார்கள். வீணாகப் போகிறதே என்று அந்த வாளித் தண்ணீர்தான் செடிக்குப் போயிருக்கிறது. சிக்கனம் நல்லதுதான். ஆனால் மிஷின் பிரித்துத் தள்ளுகிற உப்பெல்லாம் அந்தக் குழாயில்தான் வருகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க என்னிடம் இருந்த டிடிஎஸ் மீட்டரை விட்டேன். போர் தண்ணீர் 700 பிபிஎம்முக்கு மேல். கழிவு வாளி 1,100ஐத் தாண்டியது. குடிநீருக்கு நம் இந்தியத் தர அளவே 500தான் சொல்கிறது. ஆர்கிட்டுக்கு 200க்குள் இருந்தால் உத்தமம். ஊற்றுகிற தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு தொட்டியிலேயே தங்கும், வாரத்துக்கு வாரம் ஏறும். செடியில் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற இடம் இலைநுனி, அங்கேதான் உப்பும் போய்ச் சேருகிறது. அதனால்தான் முதலில் நுனி கருகுகிறது. வாசல் கழுவ அந்த வாளியை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மருந்து என்று எதுவும் இல்லை. பழைய பட்டையைக் கொட்டிவிட்டு, உப்பு குறைந்த தண்ணீரில் வேரை நன்றாக ஊறவைத்து அலசி, புதுக் கரியில் நட்டேன். கரியும் நாளாவட்டத்தில் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் மாதம் ஒரு தடவை தொட்டி அளவைப்போல் நாலைந்து மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடிய விட வேண்டும். தண்ணீருக்கு வழி ஆச்சி வீட்டிலேயே இருக்கிறது. நான்கு பக்கக் கூரையும் வளவுக்குள் சரிகிற வீடு. ஆடி, ஆவணியில் சாயங்காலம் இடி இடித்துப் பெய்கிற மழையைப் பிடித்தாலே இரண்டு டிரம் நிறையும். முதல் மழையில் ஓட்டுத் தூசி வரும், அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். பெரிய செம்பு அண்டா இருக்கிறதே, அதில் பிடிக்கட்டுமா என்றார்கள். வேண்டாம், பிளாஸ்டிக் டிரம் போதும். டென்ட்ரோபியத்துக்குச் செம்பு ஆகாது. இதே காரணத்தால்தான் உரக்கடையில் இலைப்புள்ளி என்று சொன்னதும் எடுத்துக் கொடுத்த காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லியை நான் பிரிக்கவே இல்லை. இலையைக் கருக்கிவிடும். நுனி கருகலுக்குப் பூஞ்சைக்கொல்லி அடித்து என்ன ஆகப்போகிறது?

டென்ட்ரோபியத்தின் பழைய தண்டு ஒன்றில் இலையெல்லாம் உதிர்ந்திருந்தது, ஆச்சி அதை வெட்டச் சொன்னார்கள். வெட்டவில்லை. தண்டு பச்சையாகத் திரண்டிருக்கும் வரை அது செடியின் சேமிப்பு. இலை உதிர்ந்த தண்டிலேயே பூ வருவதும் உண்டு.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு போய்ப் பார்த்தேன். டென்ட்ரோபியத்தில் அடியிலிருந்து புதுத் தண்டு ஒன்று கிளம்பியிருந்தது, அதன் இலைநுனி கூர்மையாக, கருகாமல் இருந்தது. பழைய இலைகளின் நுனி பழையபடி பழுப்பாகவே இருக்கிறது, அது அப்படித்தான் இருக்கும். குணமாகிறதா என்று தெரிய வேண்டுமென்றால் புது இலையைத்தான் பார்க்க வேண்டும். ஊதாச் செடியில் பூச்சி இல்லை, எறும்பு இல்லை. வெள்ளைச் செடி அடி இலை இரண்டை இழந்துவிட்டது. ஆனால் தண்டுக்குப் பக்கத்தில் பச்சை நுனியோடு இரண்டு வேர், நடுவில் கட்டைவிரல் நீளத்துக்கு இறுக்கமான புது இலை. கவரை எடுத்துவிட்டோம். அன்றுதான் 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு உள்ளது) லிட்டருக்கு அரை கிராம் வீதம் முதல் தடவையாகக் கொடுத்தோம், மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

பூ எப்போது என்று ஆச்சி கேட்கிறார்கள். ஃபெலனாப்சிஸ் பூத்தண்டு விட வேண்டுமானால் சில வாரம் குளிர்ச்சி வேண்டும். 28 டிகிரிக்கு மேலேயே வைத்திருந்தால் பூக்காமல் இலை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும், வியாபாரப் பண்ணைகளில் பூவைத் தள்ளிப்போட அப்படித்தான் செய்கிறார்கள். நம் ஊரில் மார்கழி, தை இரவுகளை நம்பித்தான் இருக்க வேண்டும். வெள்ளைச் செடிக்கு இந்த வருஷம் தண்டு வந்தாலும் கிள்ளிவிடச் சொல்லியிருக்கிறேன், ஆச்சி கிள்ள மாட்டார்கள் என்றும் தெரியும்.

மஞ்சள் செடி இருந்த இடத்துக்கு இன்னொரு ஃபெலனாப்சிஸ் வாங்கவா என்று கேட்டார்கள். பங்குனியில் காரைக்குடிக்கு வந்து இறங்கும் ஃபெலனாப்சிஸைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். வாண்டா வாங்குங்கள் என்றேன். அந்த இனத்தில் டெசலேட்டா என்று ஒன்று நம் நாட்டு வறண்ட காடுகளிலேயே மரத்தில் தொற்றி வளர்வது. தொட்டி வேண்டாம், கரி வேண்டாம், மரக்கூடையில் வேர் தொங்கவிட்டு வளவுக் கம்பியில் மாட்டி, தினம் காலையில் வேர் பச்சையாகும் வரை மழைத்தண்ணீர் தெளித்தால் போதும். கூடைக்குப் பழைய தேக்குச் சட்டம் இருக்கிறதாம், அறுத்து ஆணி அடித்துத் தர வேண்டியது என் பொறுப்பு.